கரண்ட் பலூன் பம்ப் கொதிக்குது, என்ன செய்றது? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

கொழும்பில வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை பக்கம் வீட்டில இருந்தே பலூன் டெக்கரேஷன் ஓர்டர் எடுக்கிற ஆக்கள் இப்ப கனக்கப் பேர். பிறந்தநாள், சாமத்தியவீடு, ரிசப்ஷன் எண்டு ஒவ்வொரு கிழமையும் வேலை. நானும் அதே வேலைதான் செய்றன், பம்புகளைக் கழட்டிப் பாக்கிற பழக்கமும் இருக்கிறதால எனக்கு வாற கோல் முக்கால்வாசி பம்ப் சூடாகிற கதைதான். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருது, அதான் கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டிருக்கிறன். நான் சொல்றது ரெண்டு நொசில் (பலூனை மாட்டுற, காத்து வாற வாய்) வச்ச, சுவத்து பிளக்கில போடுற கரண்ட் பம்புகளைப் பற்றி.

பம்ப் எண்டா சூடாகும்தானே, இதுக்கு ஏன் பயப்படணும்?

சூடாகும், அதுல பிழையில்ல. உள்ளுக்க இருக்கிறது மிக்ஸியிலயும் வெக்யூம் கிளீனரிலயும் இருக்கிற அதே வகை கார்பன் பிரஷ் மோட்டர்தான். பிரஷ் எண்டது சுத்துற பகுதியில உரசிக்கொண்டு அதுக்குக் கரண்ட் குடுக்கிற கரித்துண்டு. சரியான வேகத்தில சுத்தும், எடுக்கிற கரண்ட்ல ஒரு பங்கு காத்தைத் தள்ளப் போகும், மிச்சமெல்லாம் சூடு. அந்த சூடு வெளியால போய்க்கொண்டே இருந்தா பிரச்சினையில்ல, போகாம உள்ளுக்கயே சேர்ந்தாத்தான் பிரச்சினை.

மோட்டர்ல சுத்தியிருக்கிற செப்புக் கம்பிக்கு மேல மெல்லிசா ஒரு வார்னிஷ் பூச்சு இருக்கு. அந்தப் பூச்சும் மற்ற இன்சுலேஷனும் (கம்பியும் கம்பியும் ஒட்டாம காக்கிற மூடல்) எந்த வகை எண்டதைப் பொறுத்து 105, 120, 130, 155 டிகிரி எண்டு ஒரு எல்லை வச்சிருப்பாங்கள். அந்த எல்லைக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரி ஏறவும் இன்சுலேஷனின்ர ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் எண்டு மோட்டர் வேலை செய்ற ஆக்கள் ஒரு கணக்கு சொல்லுவினம். அதனால "போன கிழமையும் இப்பிடித்தான் கொதிச்சது, ஒண்டும் ஆகேல்ல" எண்டு சொல்லேலாது. போன கிழமை கொதிச்சதில போன ஆயுள் போனதுதான், ஒருநாள் கம்பியும் கம்பியும் ஒட்டி ஷோர்ட் ஆகேக்கதான் கண்ணுக்குத் தெரியும்.

தெர்மோமீட்டர் ஒண்டும் இல்ல, எவ்வளவு சூடு எண்டு எப்பிடிப் பாக்கிறது?

கை போதும். பம்பை ஓஃப் பண்ணி பிளக்கையும் கழட்டிட்டு, காத்து ஓட்டைகள் இருக்கிற பக்கம் உள்ளங்கையை வையுங்கோ. நிம்மதியா வச்சிருக்கலாம் எண்டா சரி. மூண்டு எண்ண முதல் கை தானா எடுபடுது எண்டா வெளி பிளாஸ்டிக்கே 60 டிகிரி அளவில வந்திட்டுது, உள்ளுக்க கம்பி அதைவிட எவ்வளவோ கூட. அண்டைக்கு அந்த பம்புக்கு நல்ல ஓய்வு குடுங்கோ.

ஒரு விஷயம் கவனிங்கோ, நிப்பாட்டின உடன வெளிப்பக்கம் சூடு குறையாது, கொஞ்ச நேரம் இன்னும் கூடும். ஓடேக்க விசிறிக் காத்து சூட்டைக் கொண்டுபோகுது, நிண்டோண்ண அந்தக் காத்து இல்ல, உள்ளுக்க இருந்த சூடு மெல்ல மெல்ல வெளிச்சுவருக்கு வருது. நிப்பாட்டி ரெண்டு மூண்டு நிமிஷம் கழிச்சு திருப்பித் தொட்டுப் பாத்தாத்தான் உண்மையான கதை தெரியும்.

அக்கா, புது பம்ப், முதல் நாளே ஒரு மணம் வருது, திருப்பிக் குடுக்கட்டா?

புது மோட்டர்ல முதல் கொஞ்ச நேரம் லேசா ஒரு மணம் வரும், பிரஷ் சரியா உக்காரவும் பூச்சுகள் சூடாகவும் வாறது. ரெண்டு மூண்டு தரம் பாவிச்சோண்ண போயிடும். போகாட்டி, கூடிக்கொண்டு போனா, பில்லோட கடைக்குப் போங்கோ.

மணத்தில மூண்டு வகை பிரிச்சுப் பாக்கலாம். மழைக்கு இடி மின்னல் அடிச்சாப்பிறகு வாற மாதிரி மூக்கில குத்துற மணம் எண்டா அது பிரஷ்ல பொறி பறக்கிறதால வாற ஓசோன். உருகின பிளாஸ்டிக் மணம் எண்டா பிளக், சுவிட்ச், வயர் பக்கம் பாருங்கோ. தொண்டையை அடைக்கிற மாதிரி கருகின மணம், உடுப்பில கூட ஒட்டிக்கொண்டு நிக்கும், அதுதான் வார்னிஷ் எரியிற மணம். இந்த மூண்டாவது வந்தா "இன்னும் பத்து பலூன்தானே" எண்டு நினைக்க வேணாம், அந்த இடத்திலயே நிப்பாட்டுங்கோ.

ஓடிக்கொண்டிருக்கேக்க சத்தம் திடீரெண்டு கூடுது, பம்ப் நல்ல பலமா வேலை செய்யுது எண்டுதானே அர்த்தம்?

இல்ல, நேரெதிர். இதைத்தான் அநேகமான ஆக்கள் பிழையா விளங்கி வச்சிருக்கினம். காத்துப் பாதை அடைபட்டா விசிறிக்குத் தள்ளுறதுக்குக் காத்து இல்ல, பாரம் குறையுது, அதால மோட்டர் இன்னும் வேகமா சுத்துது, கீச்சுக் குரல்ல கத்துது. வெக்யூம் கிளீனர் குழாயைக் கையால மூடிப் பாருங்கோ, அதே சத்தம் வரும்.

அநேகமான பம்புகள்ல மோட்டரை ஆத்துறதும் அந்த ஓடுற காத்துதான், தனியா ஒரு கூலிங் இல்ல. அப்ப காத்து அடைபட்டா மோட்டர் வேகமா சுத்திக்கொண்டு, ஆத்துறதுக்கு ஒண்டும் இல்லாம நிக்குது. சத்தம் மெல்லிசா உயருது எண்டா உடன நொசிலையும் கீழ இருக்கிற ஓட்டையையும் பாருங்கோ, கிழிஞ்ச பலூன் துண்டு, ரிப்பன் நூல், மேசைச் சீலையின்ர கரை எண்டு ஏதாவது ஒண்டு இருக்கும். சத்தம் உயராம கரகரக்குது, இழுத்து இழுத்து சுத்துது எண்டா அது வேற கதை, பெயாரிங் காய்ஞ்சிருக்கு, அல்லது பிரஷ் தேஞ்சிருக்கு.

ஒரே அடியா எத்தனை நிமிஷம் ஓட்டலாம்?

முதல் பம்புக்கு அடியில ஒட்டியிருக்கிற லேபலைப் பாருங்கோ. "கேபி" (KB) அல்லது "எஸ் 2" (S2) எண்டு எழுத்து போட்டு பக்கத்தில நிமிஷக் கணக்கு இருந்தா, தொடர்ந்து அவ்வளவு நேரம்தான் ஓட்டலாம் எண்டு செஞ்ச கொம்பனியே சொல்லுது எண்டு அர்த்தம். சிலதில பெட்டியில அல்லது உள்ள வாற தாளில எழுதியிருக்கும்.

ஒண்டும் எழுதாத பம்புக்கு நான் பிடிக்கிற கணக்கு: அஞ்சு நிமிஷம் ஊதினா பத்து நிமிஷம் ஓய்வு. மத்தியான வெயிலுக்க, ஏசி இல்லாத ரூம்ல எண்டா இன்னும் கூட ஓய்வு குடுப்பன், ஏனெண்டா கொழும்பில பகல்ல 30, 32 டிகிரி சாதாரணம், மோட்டர் சூடு அதுக்கு மேலதான் ஏறத் தொடங்குது. முக்கியமான விஷயம், கொதிக்கும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, கொதிக்க முதலே ஓய்வு குடுங்கோ. ஊதின பலூனைக் கட்டுறது, சோடி போடுறது, நிறம் பிரிக்கிறது எல்லாம் எப்பிடியும் செய்யத்தானே வேணும், அந்த வேலையை ஓய்வு நேரத்தில வச்சா ஒரு நேரமும் வீண்போகாது. 200 பலூன் ஓர்டர் எண்டா நான் எப்பவும் ரெண்டு பம்ப் மாத்தி மாத்தித்தான்.

பலூனுக்கும் பலூனுக்கும் இடையில சும்மா ஓடவிட்டா அந்தக் காத்தில ஆறிடும்தானே?

ஆறாது. சும்மா ஓடேக்கயும் அது முழு வாட்ஸ் எடுக்குது, காத்து தடையில்லாம போறதால சொல்லப்போனா அப்பதான் கூட எடுக்குது. ஓட்டோ மோட்ல (அமத்தாமலே விடாம ஓடுற மோட்) போட்டு வச்சிட்டு பலூன் கட்டிக்கொண்டு நிக்கிறதுதான் நான் பாத்ததில பம்ப் சாகிறதுக்கு முதல் காரணம். பலூன் ஊத ஒரு செக்கன், கட்ட எட்டு செக்கன், ஒன்பது செக்கனும் மோட்டர் சுத்துது.

நொசிலை அமத்தினா மட்டும் ஓடுற மோட் உங்கட பம்பில இருந்தா அதில போடுங்கோ. கை கொஞ்சம் பழகணும், ரெண்டு நாளில பழகிடும். ஓய்வு எண்டா சுவிட்சை ஓஃப் பண்ணுறது.

எங்க வச்சு ஊதினா நல்லது?

கெட்டியான, தட்டையான இடம். டைல்ஸ் தரை, மரப்பலகை, பிளாஸ்டிக் ஸ்டூல். கார்பட், மெத்தை, சோபா, பாய், வந்த பையுக்குள்ளயே வச்சு ஊதுறது இதெல்லாம் வேணாம். கனக்க பம்ப்ல காத்து இழுக்கிற ஓட்டை அடியிலதான், மெத்தையில வச்சா அது புதைஞ்சு அடைபடும், பிறகு மேல சத்தத்துக்குச் சொன்ன கதைதான்.

கடற்கரைப் பக்கம், பீச் பார்ட்டி எண்டா மணல் உள்ளுக்க போகும், நிலத்தில வைக்காதேங்கோ. கோல் ரோட்டுக்குக் கடல் பக்கமா வீடு இருக்கிற ஆக்கள் பாவிச்சு முடிய ஒரு மூடியுள்ள பெட்டியில வையுங்கோ, உப்புக் காத்தில உள்ளுக்க செப்பு பச்சை பிடிக்கும்.

சூடானோண்ண ஈரத் துணி போட்டா, ஃப்ரிட்ஜ்ல வச்சா கெதியா ஆறுமே?

தயவுசெய்து வேணாம். ஈரத் துணியில இருந்து சொட்டுற தண்ணி நேரா 230 வோல்ட் இருக்கிற இடத்துக்குப் போகும். ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா எங்கட ஊர் ஈரக்காத்துக்கு உள்ளுக்க வேர்க்கும், அந்த ஈரத்தோட சுவிட்ச் போட்டா சூட்டைவிட மோசம். மேசை ஃபானுக்கு முன்னால வைக்கிறது நல்ல வேலை, அதுவும் பிளக்கைக் கழட்டிட்டு.

36 இஞ்ச் பலூன் நாலுதானே ஊதினன், அதுக்கே ஏன் இப்பிடிக் கொதிக்குது?

நாலு எண்டு எண்ணாதேங்கோ, காத்தை எண்ணுங்கோ. 12 இஞ்ச் பலூனைவிட 36 இஞ்ச் பலூன் குறுக்களவில மூண்டு மடங்கு, ஆனா உள்ளுக்க போற காத்து மூண்டை மூண்டால மூண்டால பெருக்கி 27 மடங்கு. 12 இஞ்ச்சை முழுசா ஊதினா கிட்டத்தட்ட 15 லீட்டர், 36 இஞ்ச் 400 லீட்டர். அப்ப நாலு பெரிய பலூன் எண்டது 108 சாதாரண பலூன், அதுவும் ஒவ்வொண்டும் இடையில மூச்சு விடாம. ஒரு பெரிய பலூன் முடிய ஒருக்கா ஓய்வு குடுங்கோ.

அப்ப 5 இஞ்ச் குட்டி பலூன் எண்டா பம்புக்கு சுகம்தானே?

காத்து குறைவு, ஆனா சின்ன பலூன் விரியத் தொடங்கேக்க திருப்பித் தள்ளுற அழுத்தம் பெரிய பலூனைவிடக் கூட. வாயால ஊதிப் பாத்தாலே தெரியும், குட்டி பலூன்தான் கன்னம் நோகும். அந்த நேரம் காத்து ஓட்டம் குறையுது, ஆத்துறதும் குறையுது. ஊத முதல் கையால ரெண்டு தரம் இழுத்து விடுங்கோ. முறுக்கி உருவம் செய்யிற நீள மொடலிங் பலூனை இந்த பம்பில ஊதப் பாக்கவே வேணாம், அதுக்கு வேற பம்ப் இருக்கு, இதில அது விரியாம மோட்டர்தான் கொதிக்கும்.

பம்ப் நல்லா இருக்கு, பிளக்தான் சூடாகுது. ஏன்?

லூஸ் கொண்டாக்ட். 600 வாட்ஸ் பம்ப் எங்கட 230 வோல்ட்ல 2.6 ஆம்ப்தான் எடுக்குது, நல்ல பிளக் அதுக்கு சூடாகவே கூடாது. ரெண்டு உருண்டைப் பின் வச்ச பிளக்கை, சதுரப் பின் பிளக் பேஸ்ல மேல் ஓட்டையைப் பேனையால குத்தித் திறந்து செருகுறம், எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதான், ஆனா அந்தப் பின் உள்ளுக்க சரியா பிடிக்காம ஆடிக்கொண்டு நிக்கும், ஆடுற இடத்தில பொறி, பொறியால கரி, கரியால இன்னும் சூடு. பிளக்கை வெட்டி நல்ல 13 ஆம்ப் பிளக் ஒண்டு போடுவியுங்கோ, உள்ளுக்க 3 ஆம்ப் ஃபியூஸ் போடச் சொல்லுங்கோ. 13 ஆம்ப் ஃபியூஸோட விட்டா பம்பின்ர மெல்லிசு வயர் உருகினாலும் ஃபியூஸ் போகாம நிக்கலாம்.

ஹோல்ல பிளக் தூரம், வயர் ரோல்ல கொஞ்சமா இழுத்து எடுத்தன், பிழையா?

முழுசா இழுத்து விடுங்கோ. ரோல்ல சுத்தியிருக்கிற வயரும் சூடாகும், சுத்துக்குள்ள அந்த சூட்டுக்குப் போக வழியில்ல. ஒரு பம்புக்குத் தாங்கும், ஆனா ஹோல்ல ஒரு பம்போட ஆர் நிப்பாட்டுறது, அதே ரோல்ல ரெண்டு பம்ப், குளூ கன், லைட் எல்லாம் ஏறும். மலிவு மல்டி பிளக்கில அதுக்கு மேல இன்னொரு மல்டி பிளக் போடுறதும் இதே வினைதான்.

கனடாவில இருந்து அண்ணா அனுப்பின பம்ப், பிளக் மாத்தினா ஓடுமா?

பிளக்கை மாத்த முதல் லேபலைப் படியுங்கோ. கனடா, அமெரிக்காவில 120 வோல்ட். 110 அல்லது 120 எண்டு மட்டும் இருந்தா எங்கட 230ல நேரா போடவே கூடாது. வோல்டேஜ் ரெண்டு மடங்கு ஏற எடுக்கிற பவர் நாலு மடங்குக்குக் கிட்டப் போகும், முதல் செக்கன் "அட என்ன வேகம்" எண்டு இருக்கும், கொஞ்ச நேரத்தில புகைதான். பிளக் அடப்டர் பின்னின்ர வடிவத்தைத்தான் மாத்தும், வோல்டேஜை மாத்தாது.

ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வச்சு ஓட்டலாம், பம்ப் 600 வாட்ஸ் எண்டா ட்ரான்ஸ்ஃபோமர் 1000 வாட்ஸாவது இருக்கட்டும். அந்த விலைக்கும் பாரத்துக்கும் இங்க ஒரு பம்ப் வாங்குறது லாபம் எண்டு நான் சொல்லுவன். லண்டன், ஐரோப்பா, அவுஸ்திரேலியாவில இருந்து வந்தது எண்டா வோல்டேஜ் பிரச்சினை இல்ல, பிளக் மட்டும்தான். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்கு கார்பன் பிரஷ் மோட்டர் கவலைப்படாது.

வோல்டேஜ் குறைஞ்சா மோட்டர் எரியும் எண்டு எலெக்ட்ரீஷியன் சொன்னார், இதுக்கும் அப்பிடியா?

அவர் சொன்னது ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டர் மாதிரி சாமானுக்கு சரி. அதுகள் தங்கட வேகத்தை விடாமப் பிடிக்கப் பாத்து கூட கரண்ட் இழுக்கும். இந்த பம்ப் மோட்டர் வோல்டேஜ் குறைய வேகத்தைக் குறைச்சுக்கொள்ளும், உடன எரியாது. ஆனா விசிறியும் மெதுவா சுத்துது, ஒரு பலூனுக்கு நேரமும் கூடுது, நீங்களும் விடாம அமத்திக்கொண்டு நிப்பீங்கள். அப்பிடியான நேரம் ஊதுற நேரத்தைக் குறைச்சு ஓய்வைக் கூட்டுங்கோ.

இடையில தானா நிண்டிட்டு, அரை மணித்தியாலம் போக திருப்பி ஓடுது. பழுதா?

உள்ளுக்க சூட்டுக் கட்அவுட் இருக்கு எண்டு அர்த்தம், அது தன்ர வேலையைச் செய்திருக்கு. சூடு எல்லையைத் தாண்டினா லைனை வெட்டும், ஆறினோண்ண திருப்பி இணைக்கும். நிண்டோண்ண செய்ய வேண்டிய முதல் வேலை சுவிட்சை ஓஃப் பண்ணி பிளக்கைக் கழட்டுறது, இல்லாட்டி ஒருத்தரும் பக்கத்தில இல்லாத நேரம் அது தானா ஓடத் தொடங்கும். சில பம்ப்ல ஒருக்கா மட்டும் வெட்டுற தெர்மல் ஃபியூஸ் இருக்கும், அது போனா திருப்பி வராது, மாத்தத்தான் வேணும். அதை எடுத்துட்டு வயரால நேரா இணைச்சுத் தாறன் எண்டு ஆராவது சொன்னா விடாதேங்கோ, நெருப்புக்கு முதல் இருக்கிற கடைசிக் காவல் அது.

ஓட்டைக்குள்ளால நீலமா பொறி தெரியுது, ஆபத்தா?

பிரஷ் தொடுற இடத்தில சின்னதா நீலப் பொறி தெரியிறது இந்த மோட்டருக்கு இயல்பு. பொறி மஞ்சளா, பெருசா, வட்டமா சுத்தி ஓடுற மாதிரித் தெரிஞ்சா பிரஷ் தேஞ்சிட்டு, இல்லாட்டி பிரஷ் உரசுற செப்பு வளையம் கரி பிடிச்சிருக்கு. பழைய பம்பைத் திறந்தா அநேகமா ஒரே காட்சிதான்: பலூன்ல இருக்கிற வெள்ளைப் பவுடரும் பிரஷ்ல இருந்து வாற கறுப்புத் தூளும் ஈரக்காத்துக்கு ஒட்டி, சாம்பல் நிறத்தில அப்பிக்கொண்டு நிக்கும், காத்து ஓட்டை பாதி மூடியிருக்கும். மாசத்தில ஒருக்கா பிளக்கைக் கழட்டிட்டு காய்ஞ்ச பெயின்ட் பிரஷால ஓட்டைகளைத் தட்டி விட்டாலே இது குறையும். கார்பன் பிரஷ் மாத்துறது எண்டா ரெண்டையும் ஒண்டா, அதே அளவில மாத்துங்கோ, பழசைக் கையில கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கோ.

கேஸ் பலூனும் பக்கத்தில நிறைக்கினம், பம்ப் ஓட்டலாமா?

ஓட்டாதேங்கோ. ஹீலியம் எரியாது, ஆனா சிலிண்டர்ல இருக்கிறது ஹீலியமா ஹைட்ரஜனா எண்டு வெளியால பாத்துச் சொல்லேலாது. ஹைட்ரஜன் காத்தோட 4 சதவீதத்தில இருந்து 75 சதவீதம் வரைக்கும் கலந்தாலே பத்தும், உங்கட பம்புக்குள்ள இப்ப சொன்ன நீலப் பொறி விடாம ஓடிக்கொண்டிருக்கு, சூடாகாத புது பம்பெண்டாலும் ஒண்டுதான். பலூன் பளபளக்க அடிக்கிற ஸ்ப்ரேயும் அப்பிடித்தான், கனக்க டின்ல உள்ளுக்க தள்ளுற வாயுவே எரியக்கூடியது. ஸ்ப்ரே அடிக்கிறது வேற ரூம்ல, ஜன்னலைத் திறந்து.

புகை வந்தா முதல் என்ன செய்றது?

பம்பைத் தொட முதல் சுவத்து சுவிட்சை ஓஃப் பண்ணுங்கோ, கிட்டப் போகேலாட்டி மெயினை இறக்குங்கோ. பலூன், ரிப்பன், நெட் துணியை விலத்துங்கோ, அதுகள்தான் கெதியா பத்தும். தண்ணி ஊத்த வேணாம், ஹோல்ல இருக்கிற பவுடர் அல்லது சிஓ2 நெருப்பணைப்பான் எங்க எண்டு வேலை தொடங்க முதலே பாத்து வையுங்கோ. சின்னப் பிள்ளைகளை வெளியால எடுங்கோ. நெருப்பு பிடிச்சு அடங்காட்டி தீயணைப்புக்கு 110.

கருகின பம்பை வைண்டிங் (செப்புக் கம்பிச் சுத்து) கட்டுவிச்சு பாவிக்கலாமா, இல்ல புதுசு எடுக்கட்டா? கூட வாட்ஸ் எண்டா நல்லதா?

வீட்டு வேலைக்கு வாங்கின சின்ன பம்ப் எண்டா புதுசு எடுங்கோ. இந்த மோட்டர்ல சுத்துற பகுதியில மெல்லிசுக் கம்பி, கையால கட்டி சமநிலை சரியா வராட்டி அதிரும், அதிர்ந்தா பெயாரிங் போகும், திருப்பியும் சூடு. பிரஷ், சுவிட்ச், வயர் எண்டா செய்வியுங்கோ, அது மலிவு, பலன் இருக்கு.

வாட்ஸ் எண்டு பெட்டியில பெருசா போட்டிருக்கிற இலக்கத்தை மட்டும் பாத்து எடுக்காதேங்கோ. கையில தூக்கிப் பாருங்கோ, செப்பும் இரும்பும் உள்ளுக்க இருந்தா பாரம் தெரியும். காத்து ஓட்டை அடியில மட்டுமா பக்கத்திலயும் இருக்கா, கால்கள் உயரமா, அமத்தினா மட்டும் ஓடுற மோட் இருக்கா, லேபல்ல 220 முதல் 240 வோல்ட் எண்டு இருக்கா, எத்தனை நிமிஷம் ஓட்டலாம் எண்டு எழுதியிருக்கா எண்டு பாருங்கோ. புறக்கோட்டையில வாங்கினாலும் வெள்ளவத்தையில வாங்கினாலும் கடையிலயே ரெண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ, அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள கை வைக்கேலாத அளவுக்கு சூடாகுற பம்பை அங்கயே வச்சிட்டு வாங்கோ.